மூன்றாம் வாசிப்பு

நான்கைந்து வாரங்களாக இங்கே எதுவும் எழுதவில்லை. ஏன் என்று சிலர் தொலைபேசியில் விசாரித்தார்கள். வீட்டில் என் மனைவிக்கு உடம்பு சரியில்லை. இப்போது தேவலை. அந்த அலைச்சலில் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்ல, முதலில் கொஞ்சம் பழைய கதை.

புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ‘திக்தே’ என்றால் இன்றும் வயிற்றைக் கலக்கும். ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் முசியே மூன்று முறை வாசிப்பார். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடக்கூடாது, பொருளை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது வாசிப்பு நிறுத்தி நிதானமாக, எழுதுவதற்கு. மூன்றாவது, எழுதியதைச் சரிபார்க்க. என் பிழைகளில் பாதியை அந்த மூன்றாம் வாசிப்பில்தான் கண்டுபிடிப்பேன்.

பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகள் வாயால் சொன்னதைக் கோப்பில் ஏற்றினேன். “உங்கள் காதில் விழுந்தது வீண்போகாது” என்று ஓர் அதிகாரி பாராட்டியதும் உண்டு. அந்தக் காதை நம்பித்தான் கெட்டேன்.

சென்ற ஆண்டு என் மனைவிக்கு இதயம் பலவீனமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, நான்கைந்து மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவர் நிதானமாகத்தான் விளக்கினார். நானும் தலையாட்டிக் கேட்டேன். நீர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்க வேண்டும். நான் தினமும் கொடுத்தேன். சீட்டில் சரியாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கிறதே, சீட்டு எதற்கு? ஒன்பதாம் நாள் அவள் தலைசுற்றி வாசற்படியில் விழுந்தாள். நெற்றியில் நான்கு தையல்.

அந்தக் குற்ற உணர்வில்தான், காதால் கேட்பதற்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். என் பழைய பிரெஞ்சும் கைகொடுத்தது.

கதை 1816-ல் பாரிஸ் நகரில், நெக்கேர் மருத்துவமனையில் தொடங்குகிறது. ரெனே லாயெனெக் என்ற மருத்துவர், இதய நோய் அறிகுறிகளோடு வந்த ஓர் இளம்பெண்ணைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்பது அப்போது வழக்கம். அவருக்கு அது கூச்சமாக இருந்தது. ஒரு காகிதக் கற்றையைச் சுருட்டி, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். காதை வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாக இதயத் துடிப்பு கேட்டது. பின்னர் அதையே மரத்தில் கடைந்து உருளையாகச் செய்துகொண்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது இப்படித்தான். 1819-ல் அதைப்பற்றிப் பெரிய நூலும் எழுதினார். நம் புதுவையில், பின்னாளில் ஜிப்மராக வளர்ந்த மருத்துவப் பள்ளி 1823-ல் தொடங்கியபோது லாயெனெக் உயிரோடு இருந்தார். 1826-ல் காசநோயில் இறந்தார். எத்தனையோ பேர் மார்பில் எந்த நோயைக் கேட்டறிந்தாரோ, அதே நோய்.

அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது அவர் தந்த உவமைகள். நுரையீரலில் ஒருவகை ஒலி, வாணலியில் மெல்லச் சூடேறும் உப்பு பொரிவதுபோல இருக்குமாம். இன்னொன்று ஆடு கத்துவதுபோல. மற்றொன்று, உலோகக் கிண்ணத்தில் மணல் பருக்கை விழுவதுபோல. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்த மாணவன் நோயாளியின் மார்பில் குழலை வைத்தால், கேட்பது உப்பா ஆடா என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? ஒலியைச் சொல்லால் சொல்லித்தர முடியாது. சங்கராபரணத்தைக் கடிதத்தில் எழுதிப் புரியவைக்க முடியுமா?

ஒலியைப் பிடித்து வைக்கலாம் என்ற யோசனை 1877-ல் வந்தது. பிரான்சில் ஷார்ல் குரோ என்ற கவிஞர் அதற்கான வழியை எழுதி அறிவியல் கழகத்திடம் கொடுத்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் எடிசன் கருவியையே செய்து பேசவைத்துவிட்டார். ஆனால் இதய ஒலி மிகவும் மெலிதானது. பழைய கூம்புக்குழல் கருவிகளுக்கு அது எட்டவில்லை. 1920-களில் மைக்கும் மின்சார ஒலிபெருக்கியும் வந்த பிறகே வழி பிறந்தது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜார்ஜ் கெக்லர் என்ற அமெரிக்க மருத்துவர் தொகுத்த இதய ஒலிகளை, பாட்டுத் தட்டுகள் போடும் கொலம்பியா நிறுவனமே இசைத்தட்டாக வெளியிட்டது. மாணவர்கள் கிராமபோனில் ஊசியை வைத்து, ஓட்டை வால்வின் முணுமுணுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

திரும்பத் திரும்ப என்பதுதான் முக்கியம். ஒரே ஒலியைப் பலருக்கும் போட்டுக் காட்ட முடிந்ததால், பரீட்சை வைக்கவும் முடிந்தது. 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், சல்வத்தோரே மான்ஜியோனே என்பவரும் உடன் ஆய்வாளரும், பயிற்சியில் இருந்த அமெரிக்க மருத்துவர்களுக்கு நோயாளிகளிடம் பதிவு செய்த 12 இதய ஒலிகளைக் கேட்கக் கொடுத்தார்கள். அவர்கள் சரியாகச் சொன்னது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். சில ஆண்டுகள் கழித்து மைக்கேல் பாரெட் என்ற இதய மருத்துவர் இதற்கு எளிய வைத்தியம் சொன்னார். ஒவ்வொரு முணுமுணுப்பையும் மாணவர்கள் சுமார் 500 முறை கேட்கும்படி பதிவு செய்து கொடுத்தார். அவர்கள் தேர்ச்சி பல மடங்கு கூடியது. எங்கள் முசியே இருந்திருந்தால் “மூன்று போதாதா?” என்று சிரித்திருப்பார்.

இதுவரை சொன்னது மார்பின் ஒலி. வாயின் ஒலிக்கும் இதே கதைதான்.

1940 வாக்கில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியல் அறிஞர், ஆலோசனைக்கு வருவோரின் உரையாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்தார். ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே ஓடும் தட்டுகள். அதனால் இரண்டு சுழல்தட்டுகளை வைத்து மாற்றி மாற்றி ஓட்டினார்கள். 1942-ல் வெளிவந்த அவர் நூலில் ஒருவருடைய எட்டு உரையாடல்களும் வார்த்தைக்கு வார்த்தை அச்சாயின. அந்தத் தட்டுகளைக் கேட்ட ஆலோசகர்களுக்கு அதிர்ச்சி. பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறோம் என்று நினைத்திருந்தவர்கள், தாங்களே பேசிக்கொண்டும் வந்தவரை இழுத்துக்கொண்டும் இருந்தது அவர்கள் காதிலேயே விழுந்தது.

டேப் ரெக்கார்டர் வந்ததும் மருத்துவரின் அறைக்குள்ளும் இது நுழைந்தது. இங்கிலாந்தில் பேட்ரிக் பைர்ன், பேரி லாங் இருவரும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கேட்டு 1976-ல் ஒரு நூல் எழுதினார்கள். பெரும்பாலான மருத்துவர்களிடம் ஒரே பாணிதான் இருந்தது, எதிரே யார் உட்கார்ந்தாலும் அது மாறவில்லை என்பது அவர்கள் கண்டது. 1984-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃப்ராங்கெல் இருவரும் 74 பதிவுகளை ஆராய்ந்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிய சராசரியாக 18-வது விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார். சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்தவர்கள் 17 பேர்தான். தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வது பயிற்சி ஆயிற்று.

இந்தக் கேட்கும் வேலையில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகள் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தாள். அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்த பிறகு பேசிப் பதிவு செய்த குறிப்புகளை, இங்கே காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்வது. காலடியில் ஒரு பெடல் இருக்குமாம். புரியாவிட்டால் மிதித்துப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்கலாம். “நீ எழுதுவதும் திக்தேதான். ஆனால் உன் முசியே உன் காலடியில் இருக்கிறார்” என்று கேலி செய்வேன்.

கடைசியாகத்தான், இதெல்லாம் யாருக்காக என்ற ஞாபகம் வந்தது. மருத்துவரும் மாணவரும் திரும்பக் கேட்கலாம், நோயாளி மட்டும் ஒருமுறைதான் கேட்க வேண்டுமா? அதுவும் பயத்தில், பாதி காது அடைத்த நிலையில்? வெளிநாடுகளில் சில புற்றுநோய் மருத்துவர்கள், தாங்கள் பேசியதை கேசட்டில் பதிந்து நோயாளியின் கையிலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலோர் வீட்டில் போட்டுக் கேட்டார்கள், பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினார்கள், விவரங்களும் கூடுதலாக நினைவில் நின்றன. எல்லோருக்கும் இது ஒத்துவந்தது என்றும் சொல்ல முடியாது. குணமாகும் வாய்ப்புக் குறைவு என்று கேட்டவர்களுக்கு அந்தக் கேசட் உதவாமல் போகலாம் என்று 1995-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று சொல்கிறது. கெட்ட செய்தியை இரண்டாம் முறை கேட்கும் தெம்பு எல்லோருக்கும் இருப்பதில்லை.

இதெல்லாம் படித்த பிறகு, அடுத்த முறை போகும்போது பேத்தியிடம் கைப்பேசியில் பதிவு செய்யக் கற்றுக்கொண்டு போனேன். மருத்துவர் வயதில் சின்னவர். “ஐயா, எனக்கு ஞாபகம் போதவில்லை. நீங்கள் சொல்வதைப் பதிந்துகொள்ளலாமா? மாத்திரை கொடுக்கத்தான், வேறு யாருக்கும் அனுப்ப மாட்டேன்” என்றேன். ஒரு கணம் யோசித்தார். நெற்றித் தழும்பைப் பார்த்தார். “சரி, வையுங்க” என்றார்.

அன்று மாலை கூடத்தில் உட்கார்ந்து இருவரும் கேட்டோம். நான் நோட்டுப் புத்தகத்தோடு. மாத்திரை விவரமெல்லாம் தெளிவாக இருந்தது. ஒவ்வொன்றையும் எழுதி, சீட்டோடு ஒத்துப் பார்த்தேன். பிறகு முதலில் இருந்து இன்னொரு முறை ஓடவிட்டேன், பழைய பழக்கம். அப்போதுதான் கேட்டது.

மருத்துவர் அவளிடம், “ராத்திரி தூக்கம் எப்படிம்மா?” என்கிறார்.

அவள், “படுத்தா கொஞ்சம்...” என்று தொடங்குகிறாள்.

“அதெல்லாம் நல்லா தூங்கறா டாக்டர். நான்தான் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்கேன்.” இது என் குரல். தொடர்ந்து என் சிரிப்பு. மருத்துவரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நிறுத்தினேன். “படுத்தா கொஞ்சம் என்ன?”

“மூச்சு முட்டுதுங்க. ரெண்டு தலகாணி வெச்சுக்கிறேன். நடுராத்திரியில எழுந்து உக்காந்துக்குவேன். பத்து நாளா இப்படித்தான்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லத்தானே வந்தேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தோம். இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தலையணை என்றதுமே மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நுரையீரலில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். நீர் தேங்க ஆரம்பித்திருந்தது. மருந்தை மாற்றினார். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் படுக்கையில் சேர்த்திருக்க வேண்டும் என்றார். இப்போது ஒரு தலையணைதான்.

18 விநாடி என்று படித்தபோது, மருத்துவர்கள் இப்படியா என்று நினைத்துக்கொண்டேன். என் கணக்கைப் பதிவில் பார்த்தேன். இரண்டு விநாடி. கல்யாணமாகி நாற்பத்தெட்டு ஆண்டுகளில் இப்படி எத்தனை வாக்கியங்களைப் பாதியில் முடித்துவைத்தேனோ, அவற்றுக்குப் பதிவு இல்லை.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவரிடம் போகும்போது, அனுமதி கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். கேட்காமல் செய்யாதீர்கள், அது மரியாதை இல்லை. வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் ஒரு தாளில் எழுதி, “இப்படித்தானே டாக்டர்?” என்று வாசித்துக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்து இருவரும் சேர்ந்து கேளுங்கள். முதல் முறை மாத்திரைக்காக. இரண்டாம் முறை, கூட வந்தவர் என்ன சொல்ல வந்தார் என்பதற்காக.

இதை எழுதி முடித்து என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னாள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டேன்.