சாவி யார் கையில்?

1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. கோவையிலிருந்து அவிநாசி போகும் வழியில் இருக்கும் கருமத்தம்பட்டியில் 32 வயதுப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக். 1842இல் புதுச்சேரியில் வந்து இறங்கி, சேலத்தில் தங்கித் தமிழ் படித்து, புதுச்சேரிக் குருமடத்தை நடத்திவிட்டுக் கொங்கு நாட்டுக்கு வந்தவர். எட்டே வருஷத்தில் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஏன் போனார் என்று தேடப் போய்த்தான் எங்கள் பக்கத்துத் திருச்சபையின் கதை எனக்குப் பிடிபட்டது.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் மில்லுக்கு மிஷின் செய்யும் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அம்மாயி சோமனூர்ப் பக்கம் தோட்டங்காட்டில் பண்ணையாளாக இருந்தவள். பண்ணாடி வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுதான் கூலி வாங்குவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் அங்கேயும் அவளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். “சாமி ஒண்ணுதான் கண்ணு, சனந்தான் ரெண்டு” என்பாள். கோபமாகச் சொன்னதில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்கிற மாதிரிதான் சொல்வாள்.

அந்த இரண்டு சனம் எப்போது வந்தது? ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் பக்கமிருந்து சேசுசபைச் சாமியார்கள் சத்தியமங்கலம் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வந்தார்கள். அவர்கள் கையில் சேர்ந்த மந்தையில் தமிழ் பேசுபவர், தெலுங்கு பேசுபவர், கன்னடம் பேசுபவர் எல்லோரும் இருந்தார்கள். பாஷை வேறுபாடு பெரிய தொந்தரவாக இல்லை. சாமியார்கள் மூன்றையும் படித்துக்கொண்டார்கள். தொந்தரவு சாதியில்தான் வந்தது. மேல்சாதிக்காரர் மதிக்க வேண்டுமென்றால் சாமியார் கீழ்சாதிக்காரர் குடிசைக்குள் நுழையக் கூடாது. அதனால் சேசுசபையின் மதுரை மிஷனில் சாமியார்களே இரண்டு வகையானார்கள். சந்நியாசியாக வாழ்ந்தவர்கள் ஒரு வகை. ஏழை எளியவர்களோடும் பழகக்கூடிய பண்டாரச்சாமிகள் இன்னொரு வகை.

ரோமாபுரியில் இது பெரிய வழக்கானது. 1744இல் பாப்பரசர் 14ஆம் ஆசீர்வாதப்பர் தீர்ப்பு எழுதினார்: சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள்ளும் குருவானவர் போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அவர்களுக்கென்று தனிச் சாமியார்களை வைத்துக்கொள்கிறோம் என்று சேசுசபையார் சொன்ன யோசனையையும் அவர் ஏற்றுக்கொண்டார். கதவைத் திறக்கச் சொன்ன அதே தீர்ப்பு இரண்டாவது கதவு வைக்கவும் இடம் கொடுத்தது. இங்கே வந்த ஒவ்வொரு மிஷனரியும் அந்தத் தீர்ப்பின் பேரில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

நூறு வருஷம் கழித்துப் பிரெசில்லாக்கும் சத்தியம் செய்தார். ஆனால் அவர் சத்தியத்தைச் சத்தியமாக எடுத்துக்கொண்டவர். ஊரில் நடப்பதில் எது ரோமை அனுமதித்தது, எது கண்டும் காணாமல் விட்டது என்ற சந்தேகம் அவர் மனச்சாட்சியை அரித்தது. அவர் இந்திய வழக்கங்களை இகழ்ந்தவர் அல்ல, மதித்தவர். தெளிவாக ஒரு பதில் சொல்லுங்கள் என்று ரோமையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மனம் ஆறும்படி பதில் வரவில்லை.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. இந்த மண்ணில் பிறந்தவர்களைக் குருக்களாக்கி, திருச்சபையை அவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். வெள்ளைக்காரச் சாமியார் கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர். கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். நான் புரிந்துகொண்ட அளவில் அவர் எண்ணம் இதுதான். கூட இருந்த மிஷனரிகளில் பலருக்கு இது ஒப்பவில்லை. இந்தியக் குருக்கள் உதவிக்கு இருக்கலாம், தலைமைக்கு வேண்டாம் என்பது அந்தக் காலத்து நினைப்பு.

1855இல் அவர் விலகலை ரோமை ஏற்றுக்கொண்டது. 1856 டிசம்பர் 8ஆம் தேதி பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் போய் இறங்கியபோது ஊரில் மஞ்சள் காய்ச்சல். ஜூன் 25ஆம் தேதி இறந்தார், 45 வயது. அவர் விரும்பியபடி கோவைக்குத் தமிழர் ஒருவர், உபகாரசாமி, ஆயராக வந்தது 1940இல்தான்.

புராட்டஸ்டண்டுப் பாதிரியார்கள் பக்கம் நிலவரம் வேறு. 1830இல் லண்டன் மிஷன் சார்பில் ஆடிஸ் என்பவர் கோவைக்கு வந்தார். 1850இல் சென்னையில் கூடிய புராட்டஸ்டண்டு மிஷனரி மாநாடு ஒரு பரீட்சை வைத்தது: பறையர் சமைத்த சோற்றைச் சாப்பிட்டுச் சாதியை விட்டதைக் காட்டினால்தான் ஒருவரைச் சபையில் சேர்க்கலாம். தரங்கம்பாடிப் பக்கத்து லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் சேர மறுத்தது. தீர்மானம் தைரியமானதுதான். ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு, கல்யாணத்துக்குச் சொந்தச் சாதியில் பெண் பார்ப்பது அப்போதும் நடந்தது, இப்போதும் நடக்கிறது.

கத்தோலிக்கர்கள் சுவரே கட்டினார்கள். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலை 1872இல் இரண்டு கால் விரித்த மாதிரிக் கட்டி, நடுவில் தடுப்பு வைத்தார்கள். ஒரே பீடம், இரண்டு சனம். அந்தத் தடுப்பை 1910இல் இடித்தார்கள். அதற்கு எதிர்ப்பும் கோர்ட்டு வழக்கும் வந்தன.

ஆனால் இதே கோவை மேற்றிராசனத்திலிருந்து உலகத்துக்கே ஆட்கள் போனார்கள். 1877இல் ஊட்டியில் அன்னை மரிய பாசியோன் தொடங்கிய பிரான்சிஸ்கன் மரியின் மறைபரப்புச் சகோதரிகள் சபை இன்று பல கண்டங்களில் இருக்கிறது. பிரெசில்லாக்கின் ஆட்கள் ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். கடல் தாண்ட ஆள் கிடைத்தது. பக்கத்து வளவுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் குறைவு.

போய் உட்கார்ந்தவர்களும் உண்டு. 1921இல் யேசுதாசன் என்ற தமிழ் டாக்டரும் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் வைத்தார்கள். எங்கள் ஊருக்கு மேற்கே தடாகத்தில் பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற அயர்லாந்துக்காரர், அஸ்ஸாமின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப், கிறிஸ்த சிஷ்ய ஆசிரமம் தொடங்கினார். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து நடந்த ஆசிரமம் அது. அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊரில் அவினாசிலிங்கம் அவர்களின் ராமகிருஷ்ண வித்யாலயமும் வளர்ந்தது. காவி கட்டி எளிமையாக வாழ்ந்து கல்வி கொடுப்பதில் இரண்டு மதத்துக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்ட காலம் என்று எனக்குத் தோன்றும்.

அம்மாயி சனத்துக்கு இன்னொரு அடி டெல்லியிலிருந்து வந்தது. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வர மாட்டார் என்றது. பிறகு 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழி விட்டார்கள், கிறிஸ்தவருக்கு விடவில்லை. கோயிலில் பறையர், சக்கிலியர் என்று ஒதுக்கப்பட்டவர்கள், தாசில்தார் ஆபீசில் அப்படி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்திய ஆயர் பேரவை கொள்கை அறிக்கையாகவே எழுதி ஒப்புக்கொண்டது 2016இல்.

இப்போது ஒரு புதுச் சனம் வந்திருக்கிறது. ஃபவுண்டரியிலும் மில்லிலும் வேலைக்கு வந்த ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பையன்கள். பலர் ஆதிவாசிகள், இரண்டு மூன்று தலைமுறைக் கத்தோலிக்கர்கள். ஞாயிறு சாயந்தரப் பூசைக்கு வந்து பின்வரிசையில் நிற்கிறார்கள். பெஞ்சு காலியாக இருந்தாலும் உட்காருவதில்லை. கிறிஸ்துமசுக்கு ஒரு ஹிந்திப் பாட்டுப் பாடச் சொல்வோம், கை தட்டுவோம். ஜார்க்கண்டின் சிம்டேகாவிலிருந்து வந்த பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “அண்ணா, நம்ம ஆள் இங்க செத்தா, கல்லறைல எடம் இருக்கா?” பங்குப் புத்தகத்தில் பெயர் இருந்தால்தான் இடம், பெயர் ஏற வேண்டுமென்றால் குடும்ப அட்டை, வருஷச் சந்தா, அன்பியம் என்ற அக்கம்பக்கக் குடும்பக் குழு. தங்கும் அறையில் பத்துப் பேர் இருப்பவனுக்கு எந்த அன்பியம்?

சரித்திரம் எனக்குச் சொல்வது இதுதான். பக்கத்தில் உட்கார வைப்பது முதல் படி. அதையே சாதனை என்று நிறுத்திக்கொண்டால் இன்னொரு நூறு வருஷம் போகும். கல்லறைச் சாவி, உண்டியல் கணக்கு, பங்குப் பேரவை நாற்காலி, இவை யார் கையில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பிரெசில்லாக் கேட்டதும் அதைத்தான்.

பேரவைக்கு அந்தப் பையன் பெயரை முன்மொழியலாம் என்றிருக்கிறேன். அவனுக்குத் தமிழ் சரியாக வராதே என்பார்கள். தப்பும் தவறுமாகத் தமிழ் பேசிய வெள்ளைக்காரச் சாமியார்களிடம் நூறு வருஷத்துக்கு மேல் பாவசங்கீர்த்தனம் செய்த ஊர்கள் நம்முடையவை. பங்குக் கணக்கைப் பார்க்க மட்டும் இலக்கணத் தமிழ் எதற்கு?