வருகைப் பதிவேட்டில் இல்லாத வாத்தியார்
கரிசல் காட்டுத் தலித் பள்ளிகள் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

நம் நாட்டில் கல்வியின் வரலாறு என்பது பிள்ளைகளை எண்ணிய வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 62.66 சதம், தலித்துகளின் எழுத்தறிவு 46.74 சதம். 2011இல் இது 80.09, 73.26 என்று ஆனது. பதினாறு சத இடைவெளி ஏழாகச் சுருங்கிவிட்டது, பாருங்கள், என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற ஆள் யார், அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், எத்தனை நாள் வந்தார், எப்போது எடுத்துக்கொண்டு போகப்பட்டார் என்கிற கணக்கு எந்த அறிக்கையிலும் முதல் பக்கத்துக்கு வருவதில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் என்று விரிகிற இந்தக் கரிசல் பூமியில் பள்ளிக்கூடம் நிரம்பியதும் காலியானதும் வாத்தியாரை வைத்துத்தான். பிள்ளைகளையோ பெற்றவர்களையோ குறை சொல்வது மேலிருந்து பார்க்கிறவர்களின் சௌகரியம்.

ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 'சேரி' என்று நாம் பத்திரிகையில் எழுதுகிறோம். எங்கள் பக்கம் அந்தச் சொல் புழக்கத்தில் குறைவு. சாதிப் பேரோடு சேர்த்துக் 'குடி' என்பார்கள்; அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்த பிறகு 'காலனி' என்றானது. ஊரும் குடியும் இரண்டு. பள்ளிக்கூடம் எப்போதும் ஊரில்.

ஆங்கிலேயன் வருவதற்கு முன்பே எல்லாருக்கும் கல்வி இருந்தது என்று சொல்கிற ஒரு கூட்டம் உண்டு. கவர்னர் மன்றோ 1822இல் கேட்டு, 1826இல் தொகுத்த கணக்கைக் காட்டுவார்கள். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள். தரம்பால் 1983இல் அதை நூலாகவே போட்டார். அந்த அட்டவணையில் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம் என்று கட்டங்கள் உண்டு. நமக்கென்று தனிக் கட்டம் கிடையாது. எண்ணப்படவே இல்லாதவன் படித்தான் என்று எப்படிச் சொல்வது? திண்ணைப் பள்ளியின் வாத்தியாருக்குப் படியளந்தது ஊர்ச் சம்சாரிகள். படியளக்கிறவன் பிள்ளைக்குத்தான் திண்ணை. நம்ம பிள்ளை திண்ணைக்கு எதிர்த்த வேம்படிக்குக்கூடப் போகமுடியாது.

முதல் உடைப்பு மிஷன்காரர்களால் வந்தது. ஜி.யு. போப் 1842இல் சாயர்புரத்தில் அமர்ந்தார். 1854இல் ராக்லாந்து என்கிற பாதிரியார் வடதிருநெல்வேலியில், அதாவது இந்தச் சிவகாசி, சாத்தூர்க் கரிசல் பக்கம், கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுற்றினார். நாகலாபுரத்திலும் மிஷன் வந்தது. பாதிரிமார் பெயர்களைத்தான் புத்தகங்கள் வைத்திருக்கின்றன. பள்ளிக்கூடம் நடத்தியது அவர்கள் அல்ல, உபதேசியார்கள். காலையில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, சாயங்காலம் ஜெபம், இடையில் தாலுகாக் கச்சேரிக்கு மனு எழுதிக் கொடுப்பது, காலரா வந்தால் மருந்து. கூரைக் கொட்டகையே கோயில், அதுவே பள்ளிக்கூடம். இதைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் பொய்யாகும். மிஷனுக்குள்ளும் சாதி இருந்தது. பெரிய பள்ளிகளும் விடுதிகளும் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்பது இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு காரியம் நடந்தது. சொல்லிக்கொடுக்கிற ஆள் முதலில் வந்தான், பிள்ளைகள் பிறகு சேர்ந்தார்கள். அவன் குடிக்குள்ளேயே குடியிருந்தான். 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாகச் சனங்கள் வேதத்தில் சேர்ந்தபோது அவர்கள் கேட்டது கஞ்சி மட்டுமல்ல, எங்க ஊருக்கும் ஒரு உபதேசியார் வேணும் என்பதுதான். இன்றைக்கும் இந்தப் பக்கம் டி.டி.டி.ஏ. என்று பெயர்ப்பலகை மாட்டிய சின்னச் சின்னத் தொடக்கப்பள்ளிகள் நிற்கிற இடங்களைப் பார்த்தால் பழைய உபதேசியார் நடந்த தடம் தெரியும்.

அரசாங்கம் உள்ளே வந்தது காசு வழியாக. பரிட்சையில் தேறிய தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுக்கிற முறை சென்னை மாகாணத்தில் ரொம்ப காலம் இருந்தது. கரிசக்காட்டில் இதன் அர்த்தம் என்ன? ஐப்பசி மழைக்கு விதைத்த பருத்தி மாசி, பங்குனியில் வெடிக்கும். அந்த மாசத்தில் பிள்ளைகள் காட்டில்தான் இருக்கும். அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தால் வாத்தியாருக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத வாத்தியார் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையின் சலசலப்பு அடங்கும் முன்னே, 1893இல் பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியமும் பயிற்சி பெறும் பஞ்சம ஆசிரியர்களுக்கு உதவித்தொகையும் தரும் ஆணை வந்தது. நம்மவர்களே வாத்தியார் ஆகவேண்டும் என்பது அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அப்போதுதான். 1920ஐ ஒட்டி லேபர் கமிஷனர் இலாகா வந்து தனிப் பள்ளிகளைத் திறந்தது. ஊர்ப் பள்ளி கோயில் தெருவிலோ அக்கிரகாரத்திலோ இருந்தால் நம்ம பிள்ளை அந்தத் தெருவுக்குள்ளேயே போகமுடியாது; பொதுத் தெருவில் நடக்கலாம் என்பதற்கே ரெட்டமலை சீனிவாசன் 1924இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த லேபர் பள்ளிகள்தான் பின்னால் ஹரிஜன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக இருக்கின்றன. தனிப்பள்ளி என்பது ஒதுக்கிவைப்பதுதான் என்று விமரிசிக்கிற தோழர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றார். அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. 1954இல் காமராஜர் வந்து அதைத் தூக்கிப்போட்டார். அதன்பின் நடந்ததுதான் இங்கே முக்கியம். படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு வேலை தருவதற்கென்று மத்திய அரசு ஒதுக்கிய பணத்தை வாங்கி, பள்ளி இல்லாத ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தார்கள். கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இதில் முன்னின்றார். 500 பேர் உள்ள ஊருக்கு ஒரு பள்ளி என்றார்கள், பிறகு 300 என்று இறக்கினார்கள். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. சோறு போட்டதால் பிள்ளைகள் வந்தார்கள் என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் சோறு வருவதற்கு முன்னால் அந்த ஊரில் ஒரு ஆளை உட்கார வைத்திருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். எட்டாவது தேறி ஹையர் கிரேடு பயிற்சி முடித்தால் வாத்தியார் ஆகலாம் என்று இருந்த காலம் அது. நம்மில் முதல் தலைமுறை அரசுச் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான். ஒரே வாத்தியார், அஞ்சு வகுப்பு. ஒண்ணாம் வகுப்புக்குப் பெரிய பிள்ளை சொல்லிக்கொடுக்கும். கல்வி நிபுணர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நம்மவர்களே பேசத் தயங்குகிற விஷயம். அந்த வாசலும் எல்லாக் குடிக்கும் ஒரே நேரத்தில் திறக்கவில்லை. அருந்ததியர் தெருவிலிருந்து ஒரு வாத்தியார் வர இன்னும் ஒரு தலைமுறை ஆனது. 2009இல் மூன்று சத உள் ஒதுக்கீடு கேட்டு வாங்க வேண்டியிருந்ததற்கு இதுவும் காரணம்.

1960களில் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன் கைக்குப் போயின. மக்களாட்சி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது என்று பேசப்பட்டது. கரிசலில் யூனியன் சேர்மன் என்றால் யார்? நிலமும் சாதியும் உள்ளவர். வாத்தியாரை மாற்றுகிற, இருத்துகிற அதிகாரம் அவருக்கு அருகில் போனது. தலித் வாத்தியார் ஊர்ப்பள்ளிக்கு வந்தால் ஊரார் சேர்மனைப் பார்ப்பார்கள்; வாத்தியார் பொட்டியைக் கட்டுவார். 1981இல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக ஆக்கப்பட்டதைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் நாம் பார்க்கக்கூடாது. ஒரு தலித் வாத்தியார் ஊரின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே காலத்தில்தான் தீப்பெட்டி ஆபீசு. எங்கள் சனங்கள் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீசு என்பார்கள். மழை பொய்த்த காட்டில் வேறு வழியில்லை. விடியுமுன் பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும்; குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்னக் கைதான் தோது. பேரு பதிவேட்டுல, ஆளு ஆபீசுல. பிள்ளை குறைந்தால் வாத்தியார் பதவி போய்விடும் என்பதால் வராத பிள்ளைக்கும் வருகை போட்ட பள்ளிகள் உண்டு. சேர்க்கைப் புள்ளிவிவரம் என்பதை நாம் இந்தச் சந்தேகத்தோடுதான் படிக்கவேண்டும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் பிறகு சிவகாசியில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளில் நம் பெண்கள் பலர் சொற்ப மதிப்பூதியத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வேலையிலிருந்து மீட்ட பிள்ளைக்கு, நிரந்தரமில்லாத டீச்சர்.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தது. டி.வி., மிசின், டிராக்டர் எல்லாம் நொறுக்கப்பட்டன, கிணற்றில் விஷம் கலக்கப்பட்டது என்பதோடு, படித்த இளைஞர்களின் பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டன என்பதும் அன்றைய செய்திகளில் பதிவானது. சான்றிதழை எதற்கு எரிக்கவேண்டும்? எரித்தவனுக்கு அதன் மதிப்பு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்குக் கலவரம்; பஸ்கள் நின்றன. அப்போது நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்க வாத்தியார் பஸ்ஸில் வருகிறவர். பஸ் இல்லை, வாத்தியாரும் இல்லை. உபதேசியார் காலத்தில் வாத்தியார் குடிக்குள் இருந்தார். ஓராசிரியர் காலத்தில் பக்கத்து ஊரில் இருந்தார். எங்கள் காலத்தில் டவுனில் இருந்தார். பஸ் வந்தாத்தான் பள்ளிக்கூடம் என்று ஆகிவிட்டது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் தட்டப்பாறையில் முகாம் போட்டு, இந்தத் தென்சீமைச் சனங்களைச் சோதித்து, கொழும்புக்குக் கப்பலேற்றினார்கள். 1907இல் இலங்கையில் சட்டம் போட்டு, ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தோட்டத் துரை பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்யவேண்டும் என்றார்கள். லயத்து அறையில் ஒரு பலகை, ஒரு வாத்தியார். 1948இல் குடியுரிமை பறிபோனது. நாட்டில் மற்றெல்லாருக்கும் இலவசக் கல்வி பெருகிய காலத்தில் தோட்டப் பள்ளிகள் அப்படியே கிடந்தன. அரசு அவற்றை எடுக்கத் தொடங்கியது 1977இல்தான். எடுத்ததும் பிள்ளைகள் பெருகினார்கள், வாத்தியார் பெருகவில்லை. ஒரு வாத்தியாருக்கு அறுபது எழுபது பிள்ளைகள். தோட்டத்து இளைஞர்களையே ஆசிரியர்களாக எடுத்து, வேலையில் இருக்கும்போதே பயிற்சியும் கொடுத்த பிறகே நிலைமை கொஞ்சம் நகர்ந்தது. யாழ்ப்பாணத்தில் எம்.சி. சுப்பிரமணியம் முன்னின்ற சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1950களில் தனிப் பள்ளிகள் கேட்டுப் போராடியதும் இந்தப் பாடத்தை அறிந்துதான்.

இனி இன்றைய நிலைமை. 1997 டிசம்பரில் வந்த அரசாணை 525, நாற்பது பிள்ளைக்கு ஒரு வாத்தியார் என்றது. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் முப்பதுக்கு ஒன்று என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கின் திசை மாறிவிட்டது. முன்பு ஆளை அனுப்பிப் பிள்ளையைச் சேர்த்தார்கள். இப்போது பிள்ளையை எண்ணி ஆளை அனுப்புகிறார்கள். அதே சட்டத்தின் 25 சத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அரசாங்கமே பணம் கட்டியது. வேன் காலனிக்கே வந்தது. இங்கே பிள்ளை குறையக் குறைய 'உபரி ஆசிரியர்', 'பணி நிரவல்'. இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனம் பத்தாண்டுக்கும் மேல் அனேகமாக நின்றுபோய், 2024 ஜூலையில்தான் போட்டித் தேர்வு வைத்தார்கள். பிள்ளையே இல்லை என்று 2019இல் 46 பள்ளிகளை நூலகமாக மாற்றினார்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தபோது நம் அமைப்புகள் எதிர்த்தன. எதிர்த்தது சரி. அந்தப் பள்ளிகளில் காலியிடத்தை நிரப்பச் சொல்லி அதே வேகத்தில் எத்தனை மறியல் செய்தோம்?

2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில், காலை உணவு சமைக்கிறவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை என்று செய்தி வந்தது. கனிமொழி எம்.பி. வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. காமராஜர் சோறு போட்ட எட்டயபுரத்தில் இப்படியா என்று பலர் எழுதினார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறொன்று. அந்தப் பள்ளியில் இருந்ததே பதினோரு பிள்ளைகள்.

ஒவ்வொரு வருசமும் ஆகஸ்ட் 1ஆம் தேதித் தலைக்கணக்கை வைத்து வாத்தியார் எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள். 61 பிள்ளை இருந்தால் மூன்று வாத்தியார். 60 என்றால் இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவரை வேறு பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்பினாலும், வாக்காளர் பட்டியல் வேலைக்குக் கூப்பிட்டாலும், பதிவேட்டில் இருவர்தான். அஞ்சு வகுப்பும் ஒரு டீச்சரிடம் கிடப்பதைக் காலனியில் பார்த்துக்கொண்டிருக்கிற தாய், மறு ஜூனில் பிள்ளையை வேனில் ஏற்றுகிறாள். அடுத்த ஆகஸ்ட் 1க்கு மறுபடியும் எண்ண வருகிறார்கள்.