டெக்சாஸ் வேண்டாம் என்ற அதிகாரம்

மாநில சுயாட்சி என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த தலைமுறை என்னுடையது. ராஜமன்னார் குழுவின் அறிக்கை 1971இல் வந்தபோது அதைப் படித்தவர்களைவிட அதைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம். நானும் அந்தப் பேசிய கூட்டத்தில் ஒருவன். மத்திய அரசும் ஒரு மாநிலமும் மோதினால், விவரம் கேட்பதற்கு முன்பே என் மனம் மாநிலத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் கதை.

அங்கே 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. காற்றில் எந்த மாசு எவ்வளவு இருக்கலாம் என்பதை மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நிர்ணயிக்கும். அதை நடைமுறைப்படுத்துவதும், புதிய ஆலைகளுக்குப் பெர்மிட் கொடுப்பதும் பெரும்பாலும் மாநிலங்களின் வேலை. ஒரு மாநிலம் செய்யத் தவறினால் முகமையே அந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசுமைக்குடில் வாயுக்கள் விஷயத்தில் முதலில் நீதிமன்றம் போனவை, கட்டுப்பாடு வேண்டும் என்ற மாநிலங்கள். வாகனப் புகையில் உள்ள கரியமில வாயுவைக் கட்டுப்படுத்த புஷ் அரசு மறுத்ததால், மாசச்சூசெட்ஸ் உள்ளிட்ட 12 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்த வாயுக்களும் சட்டம் சொல்லும் காற்று மாசுதான் என்றது. அந்த வழக்கில் டெக்சாஸ் உள்ளிட்ட 10 மாநிலங்கள் மத்திய அரசின் பக்கம் நின்றன!

ஒபாமா வந்ததும் காட்சி மாறியது. இந்த வாயுக்களால் மக்கள் நலனுக்கு ஆபத்து என்று 2009 டிசம்பரில் முகமை அறிவித்தது. 2011 ஜனவரி முதல் பெரிய புதிய ஆலைகளின் பெர்மிட்டில் இவையும் கணக்கில் சேரும் என்றது. இதற்காக விதிகளைத் திருத்தும்படி 13 மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. அடியோடு மறுத்தது டெக்சாஸ் மட்டும்தான். மாநில அட்டர்னி ஜெனரல் கிரெக் அபட்டும் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் தலைவர் பிரயன் ஷாவும் 2010 ஆகஸ்டில் முகமைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இதற்காக எங்கள் சட்டங்களை மாற்ற எங்களுக்கு அதிகாரமும் இல்லை, எண்ணமும் இல்லை என்பது அதன் சாரம்.

அவர்கள் சொன்னது முழுக்க வீம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆண்டுக்கு 100 அல்லது 250 டன் மாசு வெளியிட்டாலே பெர்மிட் வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள எண். கரியமில வாயுவுக்கு அதை அப்படியே வைத்தால் சின்னச் சின்னக் கட்டடங்கள்கூட மாட்டிக்கொள்ளும். அதனால் முகமை அந்த எண்ணை 75,000, 1,00,000 டன் என்று உயர்த்திக்கொண்டது. நாடாளுமன்றம் எழுதிய எண்ணை ஓர் அலுவலகம் திருத்தலாமா? கூடாது என்று 2014 ஜூனில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் வேறு மாசுகளுக்காக எப்படியும் பெர்மிட் வாங்கியாக வேண்டிய பெரிய ஆலைகளை இதிலும் கட்டுப்படுத்தலாம் என்று விட்டுவிட்டது.

அந்தத் தீர்ப்பு வருவதற்குள் டெக்சாஸில் நடந்ததுதான் வேடிக்கை. மாநிலம் மறுத்ததால் முகமையே அங்கே பெர்மிட் கொடுக்க ஆரம்பித்தது. ஒரே ஆலைக்கு இரண்டு வாசல். மற்ற மாசுகளுக்கு ஆஸ்டினில் மாநில ஆணையம், கரியமில வாயுவுக்கு டல்லாஸில் மத்திய அலுவலகம். 2011 நவம்பரில் அங்கே முதல் பெர்மிட் வாங்கியது யார் தெரியுமா? கீழ் கொலராடோ ஆற்று ஆணையம். டெக்சாஸ் மாநிலமே 1934இல் சட்டம் போட்டு உருவாக்கிய அமைப்பு அது.

அப்போது ஷேல் எரிவாயு மலிந்து, புதிய ரசாயன ஆலைகள் வரிசை கட்டி நின்ற காலம். தாமதம் என்றால் பணம். கட்டுப்பாடே வேண்டாம் என்றிருந்த தொழில்துறை, இந்தப் பெர்மிட்டை நீங்களே கொடுங்கள் என்று மாநிலத்தைக் கேட்டது. 2013இல் மாநில சட்டமன்றம் அதற்கு ஒரு சட்டம் இயற்ற, கவர்னர் ரிக் பெரி கையெழுத்திட்டார். 2014 நவம்பரில் முகமை அந்த வேலையை டெக்சாஸிடம் ஒப்படைத்தது. அதிகாரமும் இல்லை, எண்ணமும் இல்லை என்ற மாநிலம், நான்கு ஆண்டுகளில் இரண்டையும் தேடிக்கொண்டது.

சண்டை அத்தோடு ஓயவில்லை. மின் நிலையங்களுக்கான ஒபாமாவின் 2015ஆம் ஆண்டுத் திட்டத்தை 27 மாநிலங்கள் எதிர்த்தன. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2022இல் மேற்கு வர்ஜீனியா வழக்கில், அப்படி ஒரு திட்டம் போட முகமைக்கு அதிகாரம் இல்லை என்று 6-3 கணக்கில் தீர்ப்பு வந்தது. 2030க்குள் மின் துறையின் கரியமில வாயுவை 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 32 சதவீதம் குறைப்பது அந்தத் திட்டத்தின் இலக்கு. திட்டம் நடைமுறைக்கு வராமலே 2019இல் அந்த அளவு எட்டப்பட்டுவிட்டது. மலிவான எரிவாயுவும் காற்றாலையும் நிலக்கரியைப் பின்னுக்குத் தள்ளியதுதான் முக்கியக் காரணம். காற்றாலை மின்சாரத்தில் அமெரிக்காவிலேயே முதலிடம் டெக்சாஸுக்கு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாகனப் புகைக்குத் தனி விதி வகுக்கும் கலிஃபோர்னியாவின் உரிமையை 2019இல் டிரம்ப் அரசு பறித்தது. அப்போது மாநில உரிமை பேசியது கலிஃபோர்னியா. பைடன் அரசு 2022இல் அதைத் திருப்பிக் கொடுத்ததும், அதை எதிர்த்து ஒஹாயோ தலைமையில் 17 மாநிலங்கள் வழக்குப் போட்டன.

இன்றைக்கும் என் மனம் முதலில் மாநிலத்தின் பக்கம்தான் சாய்கிறது. அதை இந்த வயதில் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இவர்கள் அதிகாரம் கேட்பது அந்த வேலையைத் தாங்களே செய்யவா, அல்லது யாருமே செய்யாமல் பார்த்துக்கொள்ளவா? இரண்டுக்கும் பெயர் மாநில உரிமைதான். ஆலைப் புகைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நமக்காவது தெரிய வேண்டும்.