நகைச்சுவை விரிவுரையும் வானொலியும்: பிரித்தானிய ஒலிபரப்பு வரலாற்றில் ஒரு நோக்கு

அறிவை ஒருவர் மற்றவருக்குக் கையளிப்பதற்கு மனித சமுதாயம் கண்ட வழிகளுள் விரிவுரை மிகப் பழையது. ஒருவர் பேசுகிறார், பலர் கேட்கின்றனர். பேசுபவர் அறிந்தவர், கேட்பவர் அறியாதவர் என்ற எடுகோள் அந்த அமைப்பினுள்ளேயே அடங்கியுள்ளது. இந்த எடுகோளே விரிவுரைக்கு அதிகாரத்தை வழங்குவது. அதனை ஏளனத்துக்கு இலகுவான பொருளாக்குவதும் இதுவே. இருபதாம் நூற்றாண்டில் வானொலி தோன்றியபோது விரிவுரையின் அதிகாரம் பன்மடங்கு பெருகியது. அதனோடு விரிவுரையை நகையாடும் மரபொன்றும் வானொலியிலேயே கிளைத்து வளர்ந்தது. அம்மரபின் மிக முதிர்ந்த வடிவமாக, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நான்காம் வானொலியில் 2007ஆம் ஆண்டு முதல் தொடர்களாக வெளிவரும் 'தி அன்பிலீவபிள் றூத்' என்னும் நிகழ்ச்சியைக் கொள்ளலாம். 'நம்பவொண்ணா உண்மை' என அதன் பெயரைத் தமிழாக்கலாம். இந்நிகழ்ச்சி எத்தகைய வரலாற்றுப் பின்னணியில் உருவாயிற்று, அது கேட்போரிடம் எதனை வேண்டி நிற்கிறது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரித்தானிய ஒலிபரப்புக் கம்பனி 1922ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1927ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அது கூட்டுத்தாபனமாயிற்று. தொடக்க காலத்தில் அதனை நெறிப்படுத்திய ஜோன் றீத், வானொலியை வெறும் பொழுதுபோக்குச் சாதனமாகக் கருதியவரல்லர். மக்களுக்கு அறிவூட்டலும் கல்வி புகட்டலும் அதன் தலையாய கடமைகள் என்பது அவர் கொள்கை. ஆகவே அறிஞர் உரைகள் அக்கால நிகழ்ச்சிநிரலில் சிறப்பிடம் பெற்றன. பல்கலைக்கழக மண்டபத்தினுள் நுழையும் வாய்ப்பேயில்லாத தொழிலாளியின் வீட்டுக்கும் ஒக்ஸ்போட் பேராசிரியரின் குரல் சென்றது. இது பெரியதொரு சனநாயக மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்குரலுக்கு மறுகுரல் இருக்கவில்லை. மண்டபத்தில் அமர்ந்திருக்கும் மாணவன் கையுயர்த்தி வினா எழுப்பலாம். வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவனோ ஒன்றில் நம்பலாம், அல்லது பெட்டியை நிறுத்தலாம். இந்த ஒருவழிப் போக்கின் ஆபத்து விரைவிலேயே வெளிப்பட்டது.

1926ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி மாலை, எடின்பரோ நிலையத்திலிருந்து றொனால்ட் நொக்ஸ் என்னும் கத்தோலிக்கக் குரு ஒரு நிகழ்ச்சியை வழங்கினார். துப்பறியும் கதைகளும் அங்கத எழுத்துகளும் படைத்துப் புகழ்பெற்றவர் அவர். நிகழ்ச்சி பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கியம் பற்றிய சுவையற்ற விரிவுரையொன்றின் பாவனையில் ஆரம்பித்தது. பின்னர் இலண்டனிலே வேலையற்றோர் கூட்டம் கலகத்தில் இறங்கிவிட்டதாகச் செய்திகள் இடைநுழைந்தன. நாடாளுமன்றக் கட்டடம் பீரங்கியால் தகர்க்கப்பட்டதாகவும், மணிக்கூட்டுக் கோபுரம் சரிந்ததாகவும், சவோய் ஹோட்டல் வெடித்துச் சிதறியதாகவும் அறிவிக்கப்பட்டது. கலகக்காரரின் தலைவர், நாடக அரங்குகளின் முன் வரிசையில் நிற்பதை ஒழிக்கும் இயக்கத்தின் செயலாளர் எனவும் கூறப்பட்டது. கூர்ந்து கேட்டவர்க்கு இவ்வொரு குறிப்பே போதுமானது. இது நகைச்சுவை நிகழ்ச்சி என்ற முன்னறிவித்தலும் செய்யப்பட்டிருந்தது. இருந்தும் கேட்டோர் பலர் பீதியுற்றனர். தம் உறவினரின் நலனறிய விசாரித்தவர் பலர். பனிமழையினால் மறுநாட் பத்திரிகைகள் பல பகுதிகளுக்குத் தாமதமாகவே சென்றமை அச்சத்தை நீடிக்கச் செய்தது.

இந்நிகழ்வை மக்களின் அறியாமைக்குச் சான்றாக மட்டும் கொள்ளுதல் தவறாகும். அது நடந்து நான்கு மாதத்துக்குள், 1926 மே மாதத்தில், பிரித்தானியாவில் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. வர்க்க முரண்பாடு கூர்மையடைந்திருந்த அச்சூழலில் கலகச் செய்தி நம்பத்தகாத ஒன்றாக மக்களுக்குத் தோன்றவில்லை. மேலும் அதனைக் கூறிய குரல், நாள்தோறும் உண்மை கூறிய அதே குரல். நொக்ஸ் நகையாட விரும்பியது ஒலிபரப்பின் மிடுக்கான தொனியை. மக்கள் ஏமாந்ததும் அதே தொனியினாலேயே. தொனிக்கும் உண்மைக்கும் இடையே இருப்பதாக அனைவரும் கருதிய பிணைப்பு எத்துணைப் பலவீனமானது என்பதை அந்தச் சில நிமிடங்கள் காட்டிவிட்டன. அமெரிக்காவில் ஓர்சன் வெல்ஸ் 1938 ஒக்டோபர் 30ஆந் திகதி வழங்கிய செவ்வாய்க்கிரகவாசிகளின் படையெடுப்பு நாடகம் உலகறிந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தியது இந்நிகழ்ச்சி.

இதன் பின்னர் வானொலி உரையின் வடிவம் மெல்ல மாற்றமடைந்தது. 1927ஆம் ஆண்டு உரைப்பகுதியின் தலைமையை ஏற்ற ஹில்டா மதிசன் என்னும் பெண்மணி, மேடைப் பேச்சு வேறு, வானொலிப் பேச்சு வேறு என்பதை உணர்ந்து செயற்பட்டவர். ஆயிரம் பேர் முன்னிலையில் முழங்குவதுபோலன்றி, வீட்டில் அமர்ந்திருக்கும் ஒருவருடன் உரையாடுவதுபோலப் பேசுமாறு அவர் அறிஞர்களைப் பழக்கினார். கருத்து வேறுபாட்டுக்குரிய விடயங்களை ஒலிபரப்பலாகாது என்ற தடை 1928ஆம் ஆண்டு நீக்கப்பட்டமையும் உரைகளுக்கு உயிரூட்டியது. எனினும் உரையின் அதிகாரம் குன்றவில்லை. அது அதட்டும் அதிகாரமாயிராது நட்புரிமை கொண்ட அதிகாரமாக உருமாறியது. 1948ஆம் ஆண்டு றீத்தின் பெயராலேயே ஆண்டுதோறும் நிகழும் விரிவுரைத் தொடர் நிறுவப்பட்டது. முதல் விரிவுரையாளராகத் தத்துவஞானி பேட்ரண்ட் றஸல் அழைக்கப்பட்டார். வானொலி விரிவுரை தன் மதிப்பின் சிகரத்தை அடைந்த காலம் இதுவெனலாம்.

இக்காலத்திலேயே விரிவுரைப் பகடியும் உரம் பெற்றது குறிப்பிடத்தக்கது. ஸ்ரீபன் பொட்டரும் ஜோய்ஸ் கிறென்பெல்லும் 1943ஆம் ஆண்டு முதல் 'எவ்வாறு' என்னும் பொதுத்தலைப்பிலமைந்த நகைச்சுவை நிகழ்ச்சிகளை வழங்கினர். குழந்தைகளுடன் எவ்வாறு பேசுவது என்பது போன்ற விடயங்களைப் போதிப்பதாகப் பாவனை செய்து, போதிப்பவரின் போலித்தனத்தை அவை வெளிக்காட்டின. உயர்கலைக்கும் உயர்சிந்தனைக்குமென உருவாக்கப்பட்ட மூன்றாம் நிகழ்ச்சி அலைவரிசை 1946 செப்ரெம்பர் 29ஆந் திகதி தொடங்கியபோது, முதலில் ஒலித்தது வானொலியை எவ்வாறு கேட்பது என்ற இவ்வரிசையைச் சேர்ந்த நிகழ்ச்சியே. நிறுவனம் தன்னைத் தானே நகையாடிக்கொண்டு ஒரு புதிய வாயிலைத் திறந்தது. தன்னம்பிக்கையுள்ள நிறுவனமே இவ்வாறு செய்யும்.

அடுத்த கட்டம் போட்டி நிகழ்ச்சிகளின் வளர்ச்சியாகும். 1967ஆம் ஆண்டு டிசெம்பரில் தொடங்கிய 'ஜஸ்ட் எ மினிட்', தரப்பட்ட தலைப்பில் தயக்கமின்றியும் சொன்னதைத் திரும்பக் கூறாமலும் பொருள் விலகாமலும் ஒரு நிமிடம் பேசுமாறு பங்குபற்றுவோரைப் பணித்தது. விரிவுரையாளரின் இலட்சணங்களாகக் கருதப்பட்டவற்றையே விதிகளாக்கி, அவற்றை எவரும் முற்றாகக் கடைப்பிடிக்க இயலாதென்பதை அது நகைப்பினூடே மெய்ப்பித்தது. 1972ஆம் ஆண்டு தொடங்கிய 'ஐ'ம் சொறி ஐ ஹவன்ட் எ குளூ', போட்டி நிகழ்ச்சி என்ற வடிவத்தையே கேலிக்குள்ளாக்கியது. இதனை உருவாக்கிய கிறேயம் கார்டன் கேம்பிறிட்ஜில் மருத்துவம் பயின்றவர். அப்பல்கலைக்கழகத்தின் 'புட்லைற்ஸ்' என்னும் மாணவர் நகைச்சுவைக் கழகத்தில் வளர்ந்தவர். 1999ஆம் ஆண்டு மார்க் ஸ்ரீல் நான்காம் வானொலியில் தொடங்கிய விரிவுரைத் தொடர், வரலாற்று மாந்தரை நகைச்சுவையோடும் இடதுசாரி நோக்கோடும் அறிமுகஞ் செய்தது. அங்கே விரிவுரை உண்மையான விரிவுரையாகவே அமைந்து, நகை அதற்கு ஊர்தியாயிற்று.

மேற்கூறிய இழைகள் யாவும் ஒன்றுசேர்ந்ததே 'நம்பவொண்ணா உண்மை' எனலாம். கிறேயம் கார்டனும் தயாரிப்பாளர் ஜோன் நெய்ஸ்மித்தும் இதனை வகுத்தனர். வெள்ளோட்டம் 2006ஆம் ஆண்டு ஒலிபரப்பாகியது. அடுத்த ஆண்டு முதலாந் தொடர் வெளிவந்தது. தலைமை வகிக்கும் டேவிட் மிச்சல் கேம்பிறிட்ஜில் வரலாறு பயின்றவர். அவரும் 'புட்லைற்ஸ்' கழகத்தின் தலைவராயிருந்தவர். நால்வர் பங்குபற்றுவர். ஒவ்வொருவரும் தமக்குத் தரப்பட்ட பொருள் குறித்துச் சிறு விரிவுரையொன்றை நிகழ்த்துதல் வேண்டும். அவ்விரிவுரை முழுவதும் பொய்யாக இருத்தல் வேண்டும். ஐந்து உண்மைகள் மட்டும் அதனுள் மறைந்திருக்கும். ஏனைய மூவரும் உண்மையெனக் கருதும் இடத்தில் குறுக்கிடுவர். உண்மையைக் கண்டுபிடித்தவர்க்குப் புள்ளி உண்டு. பொய்யை உண்மையென மயங்கியவர் புள்ளி இழப்பார். எவரும் கண்டுகொள்ளாத உண்மைகளுக்கு விரிவுரையாளரே புள்ளி பெறுவார். இந்த எளிய விதிகளைக் கொண்டே இருபதுக்கு மேற்பட்ட தொடர்கள் வெளிவந்துள்ளன. 2012ஆம் ஆண்டு அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியும் இதனைத் தழுவி ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்தது.

இவ்விதிகளின் நுட்பம் சிந்திக்கத்தக்கது. வழமையான விரிவுரையாளர் உண்மையை நம்பச் செய்ய முயல்கிறார். இங்கோ உண்மையை நம்பாதிருக்கச் செய்பவரே வெல்கிறார். இதற்கு உலகம் போதிய பொருளைத் தருகிறது. 1932ஆம் ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியாவில் பயிரழிக்கும் ஈமுப் பறவைகளுக்கு எதிராக இயந்திரத் துப்பாக்கிகளுடன் படையினர் அனுப்பப்பட்டு, பயனின்றித் திரும்பினர். 1896ஆம் ஆண்டு பிரித்தானியாவுக்கும் சன்சிபாருக்குமிடையே மூண்ட போர் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிவுற்றது. இவையிரண்டும் வரலாற்று உண்மைகள். எனினும் நகைச்சுவை விரிவுரையொன்றில் வைத்துக் கூறப்படின் இவற்றைப் பொய்யெனத் தள்ளுவோரே பலராயிருப்பர். மறுபுறம், ஆண்டும் எண்ணும் இடப்பெயரும் சேர்த்து நிதானமாகக் கூறப்படும் பொய், உண்மையின் ஆடையை எளிதில் அணிந்துகொள்கிறது. துல்லியம் வேறு, உண்மை வேறு என்ற பாடத்தைக் கேட்போர் நகைத்தவாறே கற்றுக்கொள்கின்றனர்.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் வகுத்தனர். பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தலே மடன் என்பது உரைமரபு. விரிவுரைப் பகடியின் தொடக்க வடிவங்கள் விரிவுரையாளரை எள்ளின. அங்கு நகைக்கப்பட்டவர் பேசுபவர். 'நம்பவொண்ணா உண்மை'யிலோ நகையின் நிலைக்களன் இடம்மாறி, கேட்பவரின் மடனாகிறது. பொய்யை நம்பிக் குறுக்கிட்ட பங்காளரைக் கண்டு நகைக்கும் நேயர், தாமும் அதையே நம்பியிருந்ததை உள்ளூர உணர்கிறார். ஆகவே இந்நகை பிறர் மீது மட்டும் எறியப்படுவதன்று. தம்மை நோக்கித் திரும்புவதுமாகும்.

இதற்கெதிராக இரு மறுப்புகள் எழலாம். பொய்யை விளையாட்டாக்குவது எதனையும் நம்பாத மனப்பான்மையை வளர்க்காதா என்பது முதலாவது. நொக்ஸின் நிகழ்ச்சியோடு ஒப்பிடும்போது இதற்கு விடை கிடைக்கிறது. 1926இல் ஒலிபரப்புவோனுக்கும் கேட்போனுக்குமிடையே தெளிந்த உடன்படிக்கை இருக்கவில்லை. ஒருமுறை கூறப்பட்ட முன்னறிவித்தலைத் தவறவிட்டவன் கைவிடப்பட்டான். 'நம்பவொண்ணா உண்மை'யில் விதிகள் ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகக் கூறப்படுகின்றன. அதனினும் முக்கியமாக, ஒவ்வொரு விரிவுரையின் முடிவிலும் எவரும் காணாத உண்மைகள் அறிவிக்கப்படுகின்றன. உண்மையென ஒன்று உண்டு, அதனைச் சரிபார்க்கவும் முடியும் என்ற நம்பிக்கையின் மேலேயே இவ்விளையாட்டு முழுவதும் கட்டப்பட்டுள்ளது. உண்மையே இல்லையென்பவன் இதனை விளையாட இயலாது. வதந்திக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இதுவே: வதந்தியின் முடிவில் விடை கூறுவார் எவருமிலர்.

இரண்டாவது மறுப்பு சமூகவியல் சார்ந்தது. நிறுவனத்தை எள்ளும் உரிமையும் அந்நிறுவனத்தின் உள்வட்டத்தினருக்கே கிடைத்துள்ளது என்பது அது. நொக்ஸ் ஒக்ஸ்போட் பட்டதாரி. கார்டனும் மிச்சலும் கேம்பிறிட்ஜ் கழகத்தின் புதல்வர்கள். விரிவுரையை அறிந்தவரே அதனைச் சிறப்பாகப் போலச்செய்வர் என்பது உண்மையாயினும், இப்பகடியின் வாயில் நெடுங்காலம் குறுகியதாகவே இருந்ததென்பதை மறுப்பதற்கில்லை. எள்ளலும் ஒருவகைச் சலுகையாக நிலைபெற்றமை பிரித்தானிய வர்க்க அமைப்பின் வரலாற்றோடு இணைத்து நோக்கப்பட வேண்டியதொன்று.

இக்குறைபாட்டை மனத்திற்கொண்டு நோக்கினும், ஒரு நூற்றாண்டில் நிகழ்ந்த பயணம் தெளிவாகவே தெரிகிறது. வானொலி விரிவுரை மறுகுரலற்ற அதிகாரமாகத் தொடங்கியது. பகடி அதனை முதலில் அதிர்ச்சியாலும், பின்னர் மென்னகையாலும், ஈற்றில் விதிகளமைந்த விளையாட்டாலும் எதிர்கொண்டது. கையுயர்த்தி வினவும் வாய்ப்பற்றிருந்த நேயருக்கு, மனத்தளவிலேனும் குறுக்கிட்டு 'இது உண்மையா?' எனக் கேட்கும் பழக்கத்தை இந்த விளையாட்டு ஊட்டுகிறது. செய்திகள் எத்திசையிலிருந்தும் எக்குரலிலும் வந்துசேரும் இக்காலத்தில் அப்பழக்கம் அற்பமானதன்று. விரிவுரை மண்டபங்களிலே குறிப்பெடுப்பதையே கல்வியெனக் கொண்டிருப்போர்க்கு அது இன்னும் இன்றியமையாதது. யார் வாயிலாகக் கேட்பினும் மெய்யைத் தேர்ந்தறிதல் வேண்டுமென்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவரும் அறம். அவ்வறத்தை நகையினூடாகவும் பயிலலாம் என்பதையே இவ்வானொலி மரபின் வரலாறு உணர்த்துகின்றது.