கருப்பு பீரும் எட்டுச் சாவுகளும்

கருப்பு பீரை ருசிப்பவர்கள் காப்பி, சாக்லேட், கருகிய ரொட்டி, உலர்ந்த திராட்சை என்று அதற்குள் ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்துச் சொல்வார்கள். நாக்குக்கென்று ஒரு சொல்லாடலே உருவாகிவிட்டது. ஆனால் இந்த பீருக்கு முதலில் பெயர் வந்தது நாக்கிலிருந்து அல்ல, முதுகிலிருந்து. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை தூக்கினவங்க குடிச்சதால்தான் அது 'போர்ட்டர்'. அதிலேயே வீரியம் கூடியது 'ஸ்டவுட்'.

பழுப்பு மால்ட்டில் (முளைகட்டிச் சூட்டில் உலர்த்திய பார்லி) காய்ச்சி, மரத்தொட்டிகளில் மாசக்கணக்கில் வைத்திருந்தார்கள். சரக்கை அப்படி முடக்கிவைக்க மூலதனம் வேண்டும். பெரிய ஆலைகள் யார் தொட்டி பெரிசு என்று போட்டியில் இறங்கின.

1814 அக்டோபர் 17 மாலை, மியூக்ஸ் கம்பெனியின் ஹார்ஸ் ஷூ ஆலையில் 22 அடி உயரத் தொட்டியிலிருந்து இரும்புப் பட்டை ஒன்று கழன்று விழுந்தது. ஒண்ணும் ஆகாது என்றார் மேலதிகாரி. சுமார் ஒரு மணி நேரத்தில் தொட்டி வெடித்தது. ஆலைக்குப் பின்னால் செயின்ட் ஜைல்ஸ் சேரி, ஐரிஷ் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கே ஒரு நிலவறையில் இரண்டு வயசுப் பையனின் இழவுக்குக் கூடியிருந்தவர்களில் ஐந்து பேர் செத்தார்கள். மொத்தம் எட்டு சாவு. எல்லாரும் பெண்கள், குழந்தைகள்.

இரண்டே நாளில் ஜூரி தீர்ப்பு சொன்னது: தற்செயல், துரதிர்ஷ்டம். கொட்டிப்போன பீருக்குக் கட்டிய வரியைப் பாராளுமன்றம் கம்பெனிக்குத் திருப்பித் தந்தது. செத்தவங்க குடும்பத்துக்குக் கம்பெனி நஷ்டஈடு எதுவும் தரவில்லை.

பின்னாளில் ஒரு கதை கிளம்பியது: சேரி ஜனங்க தெருவில் ஓடின பீரை அள்ளி அள்ளிக் குடிச்சாங்க, குடிச்சே ஒருத்தன் செத்தான் என்று. அன்றைய செய்தித்தாள்களில் இது இல்லை. கூட்டம் ஒழுங்காக நடந்துகொண்டது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். குற்றம் ஆலையிடமிருந்து நகர்ந்து, பலியானவர்களின் 'குடிவெறி'மேல் ஏறிக்கொண்டது. அதிகாரத்தின் ஞாபகம் இப்படித்தான் வேலை செய்கிறது.

1817இல் டேனியல் வீலர் மால்ட்டைக் கரியாக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெளிர் மால்ட்டோடு கொஞ்சம் கருமால்ட் கலந்தால் போதும் என்றாயிற்று. இன்றைய கோப்பையில் தட்டுப்படும் அந்தக் கருகல் ருசி பெரிதும் இந்த வழியில் வந்தது. செயின்ட் ஜைல்ஸில் புகுந்த பீருக்கு வேறு ருசி.

குடிக்காதே என்று சொல்ல வரவில்லை. ருசிக்குறிப்போடு அந்தப் பொய்யையும் சேர்த்துப் பரிமாறுவதையாவது நிறுத்தலாம்.