இடம் மாறிய கருவி: எரிபொருள் பம்பின் இரைச்சலுக்கு ஒரு வரலாறு

சென்ற மாதம் புணேயில் நண்பர் ஒருவரின் பழைய காரில் பின்னிருக்கையில் அமர்ந்து பயணம் செய்தேன். கார்புரேட்டர் காலத்து வண்டி அது. அதில் இன்ஜெக்‌ஷன் முறையில் இயங்கும் புதிய இன்ஜினை அவர் பொருத்தியிருந்தார். சாவியைத் திருப்பியதும் காலடியில் ஒரு கீச்சொலி எழுந்தது, இறங்கும்வரை ஓயவில்லை. டேங்குக்கு வெளியே, காரின் அடித்தகட்டில் நேரடியாகத் திருகப்பட்டிருந்த எரிபொருள் பம்பின் ஒலி அது. அதன்மேல் பஞ்சு சுற்றிவிடலாமா என்று நண்பர் யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்த கேள்வி வேறு. இன்று விற்பனைக்கு வரும் பெட்ரோல் கார்களிலும் மின்பம்பு இருக்கிறது. அது ஏன் நம் காதில் விழுவதில்லை? விடை, அக்கருவி காருக்குள் இடம்பெயர்ந்த வரலாற்றில் இருக்கிறது.

தொடக்கக் காலக் கார்கள் பலவற்றில் பம்பே இல்லை. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் இருக்கைக்கு அடியில் டேங்க் இருந்தது. பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கியது. டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கையில் செங்குத்தான மேட்டில் ஏறினால் இன்ஜின் டேங்கைவிட உயர்ந்துவிடும், ஓட்டம் தடைப்படும். எனவே ஓட்டுநர்கள் வண்டியைப் பின்னோக்கி மேடேற்றினர்.

அடுத்து வந்தது இன்ஜினின் கேம் தண்டால் இயங்கிய டயாஃப்ரம் பம்பு. அது இன்ஜின்மேலேயே அமர்ந்திருந்ததால் அதன் ஒலி இன்ஜின் ஒலியில் கரைந்தது. ஆனால் இன்ஜினின் வெப்பமும் அதைத் தாக்கியது. கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிட, பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்த அனுபவம் இந்தியாவின் மூத்த ஓட்டுநர்களுக்கு உண்டு.

பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த எஸ்.யூ. மின்பம்பு மற்றொரு வழியைக் காட்டியது. மின்காந்தம் டயாஃப்ரத்தை இழுத்துவிடும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று ஒலிக்கும். கார்புரேட்டரின் மிதவை அறை நிறைந்ததும் ஒலி தளர்ந்து நின்றுவிடும். இன்ஜின் ஓடாத நிலையிலும் அது விடாமல் ஒலித்தால், டேங்க் காலி, அல்லது எங்கோ கசிவு என்று ஓட்டுநர் புரிந்துகொண்டார். அங்கே ஒலி வெறும் இரைச்சலன்று. பொருள் தரும் குறி.

1967இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன் முறை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தபோது நிலை மாறியது. கார்புரேட்டருக்கு ஏறத்தாழ 0.2 முதல் 0.3 பார் அழுத்தம் போதும். டி-ஜெட்ரானிக்கிற்கு ஏறத்தாழ 2 பாரும், 1973இல் வந்த கே-ஜெட்ரானிக்கிற்கு ஏறத்தாழ 5 பாரும் தேவைப்பட்டன. இதற்கென அமைந்த பம்பில் உருளைகள் சுழன்று பெட்ரோலைத் துடிப்பு துடிப்பாகத் தள்ளுகின்றன. துடிப்புகள் மிக விரைவாக அடுத்தடுத்து வருவதால், ‘டிக்’ என்று தனித்துக் கேட்டது தொடர்ச்சியான ரீங்காரமாயிற்று. இவ்வகைப் பம்பு தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் எளியது. ஆகவே அதைக் காரின் அடியில், டேங்குக்கு அருகே, தாழ்வாக, ரப்பர் தாங்கிகளின்மேல் பொருத்தினர். பின்னர் பம்பு டேங்குக்குள்ளேயே சென்றது. சூழ்ந்திருந்த பெட்ரோல் ஒலியை அடக்கியது. உறிஞ்ச வேண்டிய தொலைவும் ஏறக்குறைய இல்லாமற்போனது.

இந்தியாவில் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியவற்றுள் ஒன்று 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரத்திற்குப் பிறப்பித்த புகை வரம்பு ஆணை. அடுத்த சில ஆண்டுகளில் புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி கேட்கும் மெல்லிய முனகலே நம் தலைமுறை அறிந்த பம்பொலி.

இங்கே மொழியியல் மாணவர்கள் குன்னர் ஃபாண்ட் 1960இல் எழுதிய நூலை நினைவுகூரலாம். குரல்வளையில் பிறக்கும் ஒலி மூலம் ஒன்று. அதை வடித்தெடுத்து உருவம் தரும் வாய்ப்பாதை வேறொன்று. காரிலும் அப்படியே. பம்பு மூலம், அதைத் தாங்கும் தகடு வீணையின் குடம். அரை நூற்றாண்டில் பொறியாளர்கள் செய்தவற்றுள் பெரும்பகுதி, குடத்திலிருந்து தந்தியைப் பிரித்ததே.

பழைய வண்டியில் புதிய இன்ஜினைப் பொருத்துவோர் அறியாமலே இவ்வரலாற்றைப் பின்னோக்கி ஓட்டிவிடுகிறார்கள். பழைய டேங்கில் உட்பம்புக்கு இடமில்லை. பம்பு வெளியே வருகிறது. கைக்கு எட்டிய இடத்தில், பலவேளை டேங்கின் மட்டத்தைவிட உயரமாக, இரும்போடு இரும்பாகத் திருகப்படுகிறது.

அதைவிடக் கவலைக்குரியது, இரண்டு வேறு ஒலிகளை ஒன்றாகக் கருதுவது. தகட்டின் வழியே வரும் சீரான முனகல் காதுக்குத்தான் தொல்லை. கூர்மையான கீச்சொலியோ, குறுகிய குழாயாலோ அடைபட்ட வடிகட்டியாலோ பம்புக்குப் போதிய பெட்ரோல் வராததன் அறிகுறியாக இருக்கலாம். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வீழ்ந்து ஆவிக்குமிழிகள் தோன்றி உடைகின்றன. கோடையில் இது மிகும். பம்பைக் குளிர்விப்பதும் வழவழப்பாக வைப்பதும் அதனுள் ஓடும் பெட்ரோலே என்பதால், பட்டினி கிடக்கும் பம்பு விரைவில் தேய்ந்துபோகும். பஞ்சு சுற்றினால் அறிகுறி மறையும், நோய் வளரும். கசியும் பெட்ரோலில் ஊறிய பஞ்சு தீக்கும் இடமாகும்.

நண்பர் பஞ்சைக் கைவிட்டார். மெக்கானிக்கின் துணையுடன் பம்பை டேங்கின் அடிமட்டத்திற்குக் கீழே இறக்கினார். உள்வரும் குழாயை அகலப்படுத்தினார். பம்புக்கு முன் பருவடிகட்டியும் பின் நுண்வடிகட்டியும் அமைத்தார். பம்பையும் குழாய்ப் பிடிகளையும் ரப்பரின்மேல் நிறுத்தினார். கீச்சொலி நின்றது, மெல்லிய முனகல் மட்டும் எஞ்சியிருக்கிறது. அது இருக்கட்டும் என்கிறார். அந்த முனகல் ஒருநாள் கீச்சொலியாக மாறினால், எதைப் பார்க்க வேண்டும் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

பழைய வண்டிகளோடு பழகிய பெரியவர்கள், இத்தகைய ஒலிகளுக்குத் தங்கள் ஊர்ப் பட்டறைகளில் வழங்கிய தமிழ்ப் பெயர்கள் நினைவிலிருந்தால் பின்னூட்டத்தில் பகிருங்கள். அவையும் தொகுக்கப்பட வேண்டிய வரலாறே.