டோலிடோவில் கைமாறிய மதிப்பெண் ஏடு

1981இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டோலிடோ நகரில் ஆசிரியர் சங்கமும் கல்வி நிர்வாகமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. புதிதாகச் சேரும் ஆசிரியரைக் கைதூக்கிவிடுவதும், அவர் தேறுவாரா என்று எடைபோடுவதும் இனி சக ஆசிரியர்களின் பொறுப்பு. அதுவரை அது தலைமையாசிரியரின் வேலை.

உறுப்பினரின் வேலையைக் காப்பதே சங்கத்தின் கடமை என்று நம்பியவர்கள் திகைத்தார்கள். யோசனையோ சங்கத் தலைவர் டால் லாரன்ஸுடையது. 1970களிலிருந்தே அவர் இதை வலியுறுத்தி வந்தார்.

அனுபவசாலி ஆசிரியர் ஒருவர் மூன்றாண்டுகளுக்குத் தம் வகுப்பை விட்டு முழுநேர வழிகாட்டியாவார். புதியவரின் வகுப்பில் உட்கார்ந்து, பாடம் எங்கே சறுக்கியது, பிள்ளைகளின் கவனம் எப்போது சிதறியது என்று குறித்துக்கொள்வார். பிறகு அதைப் பற்றித் தனியாகப் பேசுவார். தவணை முடிந்ததும் மறுபடி தம் கரும்பலகைக்கே திரும்பிவிடுவார். தடுமாறும் மூத்த ஆசிரியர்களுக்கும் இதே உதவி கிடைத்தது.

ஆசிரியர் தேறினாரா என்று முடிவெடுக்க ஒன்பது பேர் குழு. சங்கத்திலிருந்து 5 பேர், நிர்வாகத்திலிருந்து 4 பேர். ஆறு வாக்குகள் வேண்டும் என்பதால் எந்தத் தரப்பும் தனித்து வெல்ல முடியாது.

சின்சினாட்டி, கொலம்பஸ், ராச்செஸ்டர் நகரங்கள் 1980களிலேயே இந்த வழிக்கு வந்தன. நாட்டின் மிகப்பெரிய ஆசிரியர் அமைப்பான தேசியக் கல்விச் சங்கமோ நெடுங்காலம் எதிர்த்துவிட்டு 1997இல்தான் இறங்கிவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1999இல், கலிஃபோர்னியா இதற்கென மாநிலச் சட்டமே இயற்றியது.